நிலத்தை அளந்த பின் இயந்திரம்

(சில ஏக்கர் நிலத்துக்குச் சிறு டிராக்டரும் புல்வெட்டியும் வாங்குவது குறித்து, தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, நம்மவருள் சிலர் மூன்று நான்கு ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளர் ஆகியுள்ளனர். வேறு சிலர் ஓய்வு பெறும்போது கைக்கு வரும் சேமநிதிப் பணத்தை அவ்வாறு பயன்படுத்த எண்ணியிருக்கின்றனர். பாராட்டத்தக்க எண்ணம் அது. ஆயினும் நிலம் வாங்கியவுடன் ஒரு பெருந்தொல்லை முளைக்கிறது. அதுவே புல்.

முன்னாளில் புல்லுக்கு மருந்து தெளிப்பதே வழக்கமாக இருந்தது. அம்மருந்துகளுள் பெயர் பெற்றிருந்த பாராகுவாட், உயிருக்குக் கேடு விளைவிக்கும் நஞ்சு என்பதால் நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. மருந்தைக் குறைத்து இயந்திரத்தை நாட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் எழுவது இயல்பே. அந்நிலையில் கடைக்குச் சென்றால், பளபளக்கும் சிறு டிராக்டரும் அதன் பின்னே புல்வெட்டியும் நிற்கின்றன. விற்பவர், “உங்களுக்கு எத்தனை குதிரைச் சக்தி வேண்டும்?” என்று கேட்கிறார்.

அன்பர்களே, அது முதலிற் கேட்க வேண்டிய கேள்வியன்று, கடைசிக் கேள்வி. அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன. என் நிலத்தின் சரிவு எவ்வளவு? அதில் வளரும் புல் எத்தகையது? ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் அதை வெட்ட வேண்டியிருக்கும்? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே இயந்திரத்தைப் பற்றிப் பேச வேண்டும். இவ்வரிசையை மாற்றினால் சேமிப்பு கரையும். சில வேளைகளில் உயிரும் போகும். ஆதலின் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, நிலத்தின் சரிவு

டிராக்டரால் நேரும் சாவுகளுள் பெரும்பகுதி அது கவிழ்வதால் நேர்பவை. மேட்டு நிலத்தில் படித்தட்டுகள் வெட்டி மரம் நட்டிருப்போருக்கு விடை எளிது. அங்கே டிராக்டருக்கு வேலையில்லை. தோளில் மாட்டும் புல்வெட்டியும் கத்தியுமே பொருத்தமானவை. சரிவு மிதமாக இருப்போர் அதை அளந்து பார்த்தல் வேண்டும். கண்ணால் பார்த்து மதிப்பிடுவது போதாது.

அளக்கும் முறையைக் கூறுகிறேன். நேரான 10 அடிக் கழி ஒன்றும், கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டம் ஒன்றும் போதும். கழியின் ஒரு முனையை மேட்டுப் பக்கத்துத் தரையில் ஊன்றி, மறுமுனையைப் பள்ளத்துப் பக்கம் நீட்டுங்கள். கழியின் மீது ரசமட்டத்தை வைத்துச் சமமாகப் பிடியுங்கள். தொங்கும் முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். அவ்வுயரம் 2 அடி 8 அங்குலமாக இருந்தால் சரிவு 15 பாகை என்று கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட சரிவில் புல்வெட்டும் டிராக்டரை ஓட்டவே கூடாது.

அதற்குக் குறைந்த சரிவு என்பதால் அச்சமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மழையில் நனைந்த புல், கண்ணுக்குத் தெரியாத பழைய மரக்கட்டை, பன்றி கிளறிய குழி, வடிகாலின் இளகிய கரை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பக்கச் சக்கரத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ போதுமானது. சரிவில் குறுக்கே ஓட்டாமல், ஏற்ற இறக்கத்தின் திசையிலேயே மெல்ல ஓட்டுவது நலம். வடிகாலின் விளிம்பிலிருந்து, குறைந்தது அதன் ஆழத்தின் அளவுக்கேனும் விலகி நிற்பது முறை.

இரண்டாவது, புல்லின் தன்மை

லாலான் புல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் உயிர் மேலே தெரியும் தாளில் இல்லை. மண்ணுக்குள் ஓடும் தண்டில் இருக்கிறது. மேலே எத்தனை முறை வெட்டினாலும் கீழிருந்து மீண்டும் முளைக்கும். லாலான் மண்டிய நிலத்தை டிராக்டரால் சுத்தம் செய்துவிடலாம் என்று நம்பி வாங்குவோர் ஏமாற்றமே அடைவர். அதனை அடக்க வல்லது நிழல்.

இங்கேதான் ரப்பர் பயிரிட எண்ணுவோர் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. கன்று நட்டு ஐந்து, ஆறு ஆண்டுகளில் மரம் பால்வெட்டுக்கு வருகிறது. அதற்குள் கிளைகள் கூடி நிழல் அடர்ந்துவிடுகின்றன. நிழல் அடர்ந்த இடத்தில் புல் தானே மெலிகிறது. ஆகவே புல்லோடு போராடும் காலம் முதற் சில ஆண்டுகளே. அந்த ஆண்டுகளிலும் பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற கொடிப் பயிர்களை நிரைகளுக்கு இடையே விதைத்தால், அவை தரையை மூடிப் புல்லை அடக்குகின்றன; காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்கு உரமும் ஆகின்றன; மழை நீர் மண்ணை அரித்துச் செல்லாமலும் காக்கின்றன. டீசலும் ஓட்டுநரும் கேட்காத புல்வெட்டி அது. மூன்று ஏக்கரில் ரப்பர் மட்டுமே நடுவோர், ஆண்டுக்கணக்கில் கடன் கட்டி டிராக்டர் வாங்குமுன் இதை நன்கு சிந்திக்க வேண்டும்.

அப்படியானால் யாருக்கு டிராக்டர் உதவும்? சமதரையில் டுரியான், ரம்புத்தான், தென்னை முதலியவற்றை அகன்ற இடைவெளியில் நட்டிருப்போருக்கு உதவும். உதிரும் பழத்தைத் தேடி எடுக்கத் தரை தெளிவாக இருத்தல் வேண்டுமன்றோ? மேய்ச்சல் நிலத்தில் மாடு உண்ணாது விட்ட முரட்டுச் செடிகளை வெட்டிச் சீர்செய்யவும் உதவும். ஆனால் மாட்டுக்குப் புல் அறுப்பதே நோக்கமானால், சுழலும் கத்தி வேண்டாம். அது புல்லைத் துண்டு துண்டாக்கி மண்ணோடு கலந்துவிடும். பற்கள் வரிசையாக அமைந்து கத்தரிபோல் முன்னும் பின்னும் அசையும் அறுவைக் கத்தியே புல்லை முழுதாக அறுத்துக் கிடத்தும்.

மூன்றாவது, நேரக் கணக்கு

இனி, கரும்பலகையில் போடுவது போன்ற ஒரு சிறு கணக்கு. 4 அடி அகலத்துக்கு வெட்டும் இயந்திரம் மணிக்கு 3 மைல் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். 3 மைல் என்பது 15,840 அடி. அதை 4 அடியால் பெருக்கினால் 63,360 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். திரும்புவதற்கும், மரத்தைச் சுற்றிச் செல்வதற்கும், வெட்டிய தடத்தின் மீதே சிறிது ஏறி வெட்டுவதற்கும் நேரத்தைக் கழித்தால், மணிக்கு ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்வது நேர்மையான கணக்கு.

நான்கு ஏக்கர் உடையவர் ஆண்டுக்கு ஆறு முறை வெட்டினால் மொத்தம் 24 மணி நேரம். அதாவது மூன்று நாள் வேலை. ஆண்டின் மற்ற நாள்களில் அந்த இயந்திரம் கொட்டகையில் நிற்கும். இயந்திரமும் புல்வெட்டியும் சேர்ந்து 30,000 வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அது பத்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 3,000 வெள்ளி. 24 மணி நேரத்தால் வகுத்தால், டீசலும் பழுதுபார்ப்பும் சேராமலே மணிக்கு 125 வெள்ளி ஆகிறது! உங்கள் வட்டாரத்தில் வாடகைக்கு வந்து வெட்டித் தருபவர் கேட்கும் கூலியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதே இயந்திரத்தை, அடுத்தடுத்து நிலம் வைத்திருக்கும் ஆறு குடும்பங்கள் கூட்டாக வாங்கினால் என்ன ஆகும்? மொத்தம் 24 ஏக்கர். ஆண்டுக்கு 144 மணி நேரம். மணிக்கு 21 வெள்ளிக்கும் குறைவு. கணக்கு ஒன்றே, ஒற்றுமை சேர்ந்ததும் விடை மாறிவிடுகிறது. தனி ஒருவரால் இயலாததைப் பலர் சேர்ந்தால் செய்யலாம் என்பது தோட்டத் தொழிலாளருக்குப் புதிய பாடமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வாழ்விழந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு சிறு சேமிப்புகளைக் கொண்டே பெருந்தோட்டங்களை வாங்கிற்று. தோட்டத்தையே வாங்கிய மக்கள் ஒரு டிராக்டரைக் கூட்டாக வாங்க இயலாதா?

ஆயினும் கூட்டு என்பது வாய்ச்சொல்லால் நிலைக்காது. சாவி யாரிடம் இருக்கும், யார் ஓட்டுவார், யார் நிலத்துக்கு முதல் முறை, எண்ணெய் மாற்றுவது யார் பொறுப்பு, உடைந்தால் செலவு எப்படிப் பங்கிடப்படும், ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன ஆகும் என்பவற்றை வாங்குமுன்னே எழுதிக் கையொப்பமிடுங்கள். ஒரு குறிப்பேடு வைத்து, ஓடிய மணி நேரத்தை அன்றன்றே எழுதுங்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகையைப் பழுதுபார்ப்புக்கெனத் தனியே சேர்த்து வையுங்கள். நல்ல உறவைக் காப்பது நல்ல கணக்கே.

நான்காவது, இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டு, டிராக்டர்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்று கொள்வோம். இப்பொழுது முதலில் புல்வெட்டியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதை இழுக்க வல்ல டிராக்டரைத் தேடுங்கள்.

புல்வெட்டிகள் மூவகை. முதல் வகையை மோவர் டெக் என்பர். கவிழ்த்து வைத்த தாம்பாளம் போன்ற இரும்புக் கூட்டினுள் இரண்டு மூன்று கத்திகள் சுழலும். டிராக்டரின் வயிற்றுக்கு அடியிலோ பின்னாலோ அது பொருத்தப்படும். பங்களாவின் புல்தரையையும் பந்தாடும் திடலையும் அழகுற வெட்ட ஏற்றது. கல்லும் கட்டையும் நிறைந்த நிலத்தில் அதன் வாரும் கத்தியும் விரைவில் கெடும்.

இரண்டாம் வகை ஸ்லேஷர். தடித்த இரும்புக் கூடு. கனமான கத்திகள் ஆணியில் கோத்துத் தளர்வாக விடப்பட்டிருக்கும். கட்டையில் மோதினால் கத்தி பின்னே மடங்கி விலகிக்கொள்ளும். முழங்காலளவு உயர்ந்த முரட்டுப் புல்லுக்கும் சிறு புதருக்கும் இதுவே பொருத்தம். நம்முடைய சிறு நிலங்களுக்குப் பெரும்பாலும் இது போதும்.

மூன்றாம் வகை பிளெயில் என்பது. நீண்ட உருளையொன்றில் சிறு கத்திகள் பல தொங்கும். புல்லை நுண்ணியதாக நறுக்கும். கல்லைத் தொலைவுக்கு எறிவது குறைவு. ஆட்கள் நடமாடும் இடத்துக்கு நல்லது. ஆனால் விலையும் பராமரிப்பும் கூடுதல்.

டிராக்டரின் பின்புறத்தில் இயந்திர விசையை வெளியே தரும் சுழல்தண்டு ஒன்று உண்டு. அதனை பி.டி.ஓ. என்பர். ஸ்லேஷரின் ஒவ்வோர் அடி அகலத்துக்கும் அத்தண்டில் 5 குதிரைச் சக்தி வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 4 அடிக்கு 20. 5 அடிக்கு 25. இங்கே ஒரு நுட்பம் உண்டு. விளம்பரத் தாளில் போடும் எண் பெரும்பாலும் எஞ்சினின் சக்தி. சுழல்தண்டுக்கு வந்து சேர்வது அதனினும் குறைவு. 25 குதிரைச் சக்தி எஞ்சினிலிருந்து ஏறத்தாழ 20 கிடைக்கும். ஆகவே, “தண்டில் எவ்வளவு?” என்று கேளுங்கள்.

அகலத்திலும் அளவு உண்டு. வெட்டும் அகலம் டிராக்டரின் சக்கரங்களுக்கு வெளிவிளிம்பு வரையேனும் இருத்தல் நலம். இல்லையேல் சக்கரம் மிதித்த புல் வெட்டப்படாமல் நிற்கும். அதே வேளையில் மரங்களின் இடையே தாராளமாகச் செல்லவும் வேண்டும். மரத்தடியை ஒட்டி வெட்ட முயலாதீர்கள். பட்டையில் படும் காயம் நோய்க்கு வாயில். மரத்தைச் சுற்றி மூன்றடியைக் கைக்கருவிக்கு விட்டுவிடுங்கள். மழை பெய்து ஊறிய மண்ணில் சக்கரம் ஏறினால், மேல்மண்ணில் பரவியுள்ள வேர்கள் மிதிபட்டு மண்ணும் இறுகும். நிலம் காயும்வரை பொறுத்திருங்கள்.

ஸ்லேஷர் கனமானது. 4 அடி ஸ்லேஷர் ஏறத்தாழ 200 கிலோகிராம் இருக்கும். அதைப் பின்னே தூக்கியதும் டிராக்டரின் முன்பக்கம் இலேசாகிறது. மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பக்கூடும். ஆதலின் முன்னே எடைக்கட்டிகள் பொருத்த இடமுள்ளதா என்று பாருங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வகை ஈர நிலத்தில் உறுதி தரும்.

பழைய இயந்திரம் வாங்குவோருக்கு

புதியதை வாங்க இயலாதோர், ஜப்பானிலிருந்து வரும் பழைய இயந்திரங்களை நாடுவதுண்டு. அவற்றுள் நல்லவையும் உண்டு. ஆனால் ஆராயாமல் பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்று, உங்கள் கண்முன் ஓடவிடச் சொல்லுங்கள். முன்னரே சூடேற்றி வைத்திருந்தால், மற்றொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். புல்வெட்டியை உயரத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, சிறிது நேரம் காத்திருங்கள். அது விரைவில் தானே தாழ்ந்தால் எண்ணெய் அழுத்த உறுப்புகள் தேய்ந்துவிட்டன என்று அறியலாம். அந்நேரத்தில் தூக்கிய புல்வெட்டியின் அடியில் யாரும் கையையும் காலையும் நீட்டக் கூடாது.

ஜப்பான் நாட்டில் வயலுக்கெனச் செய்யப்பட்ட சிறு டிராக்டர்கள் பலவற்றில் சுழல்தண்டுக்கு மூன்று, நான்கு வேகங்கள் உண்டு. ஸ்லேஷருக்கு உரியது நிமிடத்துக்கு 540 சுற்று. அதனினும் வேகமான நிலையில் தவறிப் போட்டால் புல்வெட்டி சிதறும். நெம்புகோலின் அருகிலுள்ள எழுத்துகள் ஜப்பானிய மொழியில் இருக்கும். எது 540 என்று கேட்டறிந்து, அவ்விடத்தில் தமிழிலோ மலாயிலோ எழுதி ஒட்டுங்கள். மேலும், அந்த வகைக்கு உதிரிப்பாகம் உங்கள் ஊரருகே கிடைக்குமா என்று வாங்குமுன் கேளுங்கள். கிடைக்காத ஒரு சிறு வளையத்துக்காக இயந்திரம் முழுவதும் துருவேறி நிற்கும் நிலை வரக்கூடாது.

உயிரைக் காக்கும் வளைவு

இனி நான் கூறுவதை மட்டுமேனும் மறவாது வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். ஓட்டுநர் இருக்கையின் பின்னே உறுதியான இரும்பு வளைவு ஒன்று நிற்க வேண்டும். டிராக்டர் கவிழ்ந்தால் அவ்வளைவு தரையில் ஊன்றி, ஓட்டுநர் நசுங்காமல் இடம் தரும். சுவீடன் நாடு 1959ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களில் இது கட்டாயம் என்று சட்டம் செய்தது. அதன் பின் அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. வளைவு மட்டும் போதாது. இருக்கைப் பட்டையையும் அணிய வேண்டும். பட்டை அணியாதவர் கவிழும்போது வெளியே வீசப்பட்டு, அந்த வளைவின் அடியிலேயே சிக்க நேரிடும். தாழ்ந்த கிளைகளுக்காக வளைவை மடக்கினால், அவ்விடம் கடந்ததும் மீண்டும் நிமிர்த்துங்கள். பழைய சிறு இயந்திரங்கள் பலவற்றில் இவ்வளைவே இருப்பதில்லை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வளைவில்லாத டிராக்டரை வாங்காதீர்கள். பட்டறையில் எவரேனும் குழாயை வளைத்து ஒட்டித் தருவது அதற்கு ஈடாகாது.

சுழல்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று என்றேன். நொடிக்கு 9 சுற்று. சட்டை நுனியோ கைலியோ தலைத்துண்டோ பட்டால், கையை இழுத்துக்கொள்ளும் முன் ஆளையே சுற்றிவிடும். ஆகவே தண்டின் மேலுள்ள உறை உடைந்திருந்தால் மாற்றிய பின்னரே ஓட்டுங்கள். இறங்குமுன் சுழல்தண்டை நிறுத்தி, எஞ்சினையும் அணையுங்கள். கத்தியின் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சுழல்கிறது. அது எறியும் கல்லும் கம்பித் துண்டும் குண்டுக்கு ஒப்பானவை. பிள்ளைகளை வீட்டில் நிறுத்துங்கள். பேரப்பிள்ளையை மடியிலோ சக்கரக் காப்பின் மீதோ ஏற்றிக்கொண்டு ஓட்டுவது அன்பாகாது. டிராக்டரில் ஓர் இருக்கைதான் உண்டு; ஓர் ஆள்தான் ஏறலாம்.

சுழல்தண்டை இணைக்கும் இடத்தில் மென்மையான ஓர் ஆணி இருக்கும். கத்தி கட்டையில் மோதினால் அந்த ஆணி முறிந்து, விலையுயர்ந்த கியர்ப்பெட்டியைக் காக்கும். அடிக்கடி முறிகிறதே என்று சலித்து, அதற்குப் பதிலாகக் கடினமான ஆணியைப் போடாதீர்கள். தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பதற்கென்றே வைக்கப்பட்டது அது.

அன்பர்களே, சுருங்கக் கூறுமிடத்து, படித்தட்டு நிலமா? தோளில் மாட்டும் புல்வெட்டி போதும். இளம் ரப்பரா? கொடிப் பயிரை விதையுங்கள். சமதரைப் பழத்தோட்டமா, அதுவும் தனியொருவர் நிலமா? வாடகைக்கு அமர்த்திப் பாருங்கள். அண்டை நிலத்தார் பலர் உண்டா? கூட்டாக வாங்குங்கள். வாங்குமுன், சிறுதோட்டக்காரருக்கென 1973இல் அமைக்கப்பட்ட ரிஸ்டாவின் அலுவலகத்திலும், ஏற்கெனவே இத்தகைய இயந்திரம் வைத்திருப்போரிடமும் கேட்டறியுங்கள். கடையில் கையொப்பமிடுமுன் வீட்டில் மனைவி மக்களோடு கணக்கைப் போட்டுப் பாருங்கள். சேமித்த பணத்தில் அவர்களுக்கும் பங்குண்டு.

இந்த வாரமே ஒரு 10 அடிக் கழியை எடுத்துக்கொண்டு உங்கள் நிலத்துக்குச் செல்லுங்கள். மேட்டில் ஓரிடம், நடுவில் ஓரிடம், வடிகாலோரத்தில் ஓரிடம் என மூன்று இடங்களில் சரிவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எந்த இயந்திரம் வேண்டும் என்பதை விற்பவர் உங்களுக்குச் சொல்ல வேண்டியிராது. நீங்களே அவருக்குச் சொல்வீர்கள்.